ஒத்த ஆள் டயர்

பீட்டர் இனிமேல் ஊரோடுதான் என்று ஆவூரில் எல்லாரும் நம்பினார்கள், அவன் பெண்சாதி அமலி ஒருத்தியைத் தவிர. பத்தொன்பது வருசம் கத்தாரில் டிரெய்லர் ஓட்டியவன். கம்பி, குழாய், கிரேன் சாமான் என்று எதையாவது பின்னால் கட்டிக்கொண்டு பாலைவன ரோட்டில் ஒற்றை ஆளாகப் போய் ஒற்றை ஆளாகத் திரும்பியவன். போன ஈஸ்டருக்கு முன்னால் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, "முடிச்சுட்டு வந்துட்டேன்" என்றான். அக்கா இன்னாசியம்மாள் கோழி அடித்துச் சோறு போட்டாள். அமலி எல்லாருக்கும் சிரித்த முகமாகப் பரிமாறினாள். ஆனால் அவன் பெட்டியை மட்டும் பரண்மேல் ஏற்றவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வந்தால் ரெண்டு மாசம் இருப்பான், மூன்றாம் மாசம் காலண்டரைப் பார்க்க ஆரம்பிப்பான். அவள் பார்க்காத ஆளா?

அவள் நினைத்ததில் பாதிதான் தப்பு. கத்தாருக்கு அவன் திரும்பிப் போகவில்லை. ஆடி மாசம் திருச்சிக்குப் போனவன் ஒரு பைக்கோடு வந்தான். சாதாரண பைக் இல்லை. நெஞ்சு உயரத்துக்குப் பெட்ரோல் தொட்டி, முகத்துக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு, பின்னால் ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கம்பிச் சட்டம். நெடுந்தூரம் போகிறவர்களுக்கென்றே செய்த வண்டியாம். ஒரு டாக்டர் ஆசைப்பட்டு வாங்கி, நாலைந்து தடவை ஓட்டிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தது. "நம்ம ஊருல தேருக்கு அடுத்து பெருசு இதுதான்" என்று கோயில் வாசலில் சிரித்தார்கள். பீட்டர் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் வண்டியும் அவனும்தான். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவான். எங்கே போனீர்கள் என்றால் கரூர்ப் பக்கம் என்பான், திண்டுக்கல் பக்கம் என்பான். அங்கே என்ன வேலை என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பான். அமலி பொறுத்துப் போனாள். பொறுத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. டிசம்பரில் சவேரியார் திருநாளுக்கு, அவர் உடல் இருக்கிற பழைய கோவா கோயிலுக்கு பைக்கிலேயே போவது என்று பீட்டர் முடிவு செய்திருந்தான். அந்தப் பயணத்தில் தானும் உண்டு என்று அமலி நினைத்திருந்தாள். அவளாக நினைக்கவில்லை. கத்தாரிலிருந்து போன் பேசும்போதெல்லாம், "நான் வந்ததும் ஒன்னயப் பின்னாடி வச்சு ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்" என்று சொன்னது அவன்தான். வெளிநாட்டில் இருக்கிற எல்லாப் புருசனும் சொல்கிறதுதான். அமலி அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, வெளியில் யாருக்கும் சொல்லாமல், மாத்தூர் டெய்லரிடம் ரெண்டு சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் முதல் சுடிதார். அளவு எடுக்கும்போது டெய்லரம்மா, "மகளுக்கா?" என்று கேட்டாள். மகன் கவியரசன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், மகளே கிடையாது என்று சொல்ல அமலிக்கு வெட்கமாக இருந்தது. "ஆமா, என் அளவுதான் அவளுக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சம்பா வயலில் கோரை மண்டிக் கிடந்தது. அமலி முட்டங்கால் சேற்றில் நின்று களை பறித்துக்கொண்டிருந்தபோது இன்னாசியம்மாள் வரப்பில் வந்து நின்றாள். பீட்டருக்கு மூத்தவள், பக்கத்து வீடு. வாய் கொஞ்சம் நீளம், மனசும் அதே அளவுக்கு நீளம்.

"எந்தம்பி டயரு வாங்கப் புதுக்கோட்டைக்குப் போறானாமே, நீயும் போறியாக்கும்?"

"ஆமா மதினி. எனக்கும் பஜாருல சாமான் வாங்கணும்."

"அந்த டயருக்கு என்னா கேடு? காலையில எந்திரிச்சதும் அதப் போயி தடவிக்கிட்டு நிக்கிறான். மாட்டுக்குக் கூட அம்புட்டு தடவல் கெடையாது."

"பின் டயரு தேஞ்சு போச்சு மதினி. நடுவுல வழிச்சு விட்டாப்புல இருக்கு. கோவா வரைக்கும் தாங்காதாம்."

"கோவா!" இன்னாசியம்மாள் மோவாயில் கையை வைத்தாள். "சவேரியாரு மேல இம்புட்டு பக்தி இவனுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு? சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ண இழுத்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கும் சின்னதுல. சரி, மாட்ட நான் பாத்துக்கிறேன். பால் சொசைட்டிக்கும் ஊத்திர்றேன். நீ என்னமோ போயிட்டு வா."

அமலி கரையேறி வாய்க்காலில் கால் கழுவினாள். அந்த வாரத்தில் அவள் அவ்வளவு லேசாக இருந்த நேரம் அதுதான்.

*

புதுக்கோட்டையில் டயர்க் கடை வைத்திருந்தவர் ஷேக் தாவூது. அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தாடி, நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட கண்ணாடி. வந்தவர்களை "வாங்க தம்பி, வாங்கம்மா, உள்ள வாங்க, தூத்தல் விழுகுது" என்று வாயால் வரவேற்றாரே தவிர, கண் பைக்கின் மேலேயே இருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குந்தினார். பின் சக்கரத்தை உள்ளங்கையால் தடவினார்.

"ரொம்ப நாளு நின்ன வண்டியா தம்பி?"

"டாக்டர் ஒருத்தரு வச்சிருந்தாரு பாய். எப்படிச் சொல்றீங்க?"

"ஓடித் தேஞ்சது நடுவுல தெரியுது. நின்னு வெடிச்சது பக்கத்துல தெரியுது. இந்தா பாருங்க, ஓரத்துல நூலு நூலா. ரெண்டு சீக்கும் சேந்து இருக்கு."

"வெடிப்பு லேசாத்தான இருக்கு பாய்? நான் இதவிட மோசமான டயருல நாப்பது டன்னு இழுத்திருக்கேன், கத்தார்ல."

"இழுத்திருப்பீங்க. அதுல எத்தன சக்கரம்?"

"இருவத்திரெண்டு."

"ஒண்ணு போனா இருவத்தொண்ணு தாங்கும். இதுல ஒண்ணு போனா மிச்சம் ஒண்ணுதான் தம்பி."

அமலி சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினாள். பாய் உள்ளேயிருந்து மூன்று டயரை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார். முதலாவது முண்டு முண்டாக இருந்தது.

"இது என்ன பாய், பாகற்காய் மாதிரி?" என்றாள் அமலி.

"மண்ணு ரோடு, மலை ரோட்டுக்கும்மா. தாருல போனா முனகிக்கிட்டே வரும். ஒங்களுக்குத் தோது இல்ல." இரண்டாவதை விரலால் சுண்டினார். "இது கெட்டி. தேயவே தேயாது. மூணாவது கொஞ்சம் மெது. மழ ரோட்டுல கடிச்சுப் புடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சிரும்."

பீட்டர் இரண்டாவது டயரை இழுத்துக்கொண்டான். "இது எத்தன கிலோமீட்டர் ஓடும்?"

"பாருங்கம்மா," பாய் அமலியிடம் முறையிட்டார், "வாரவங்க எல்லாரும் எம்புட்டு ஓடும்னு கேக்குறாங்க. எம்புட்டுல நிக்கும்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

"சரியாத்தான் சொல்றாரு" என்றாள் அமலி.

"நீ சும்மா இரு. லோடு டயருன்னா கல்லு மாதிரி இருக்கணும். கட்ட விரல அமுக்குனா உள்ள போகக் கூடாது. அதான் டயரு."

"இது லோடு டயரு இல்ல தம்பி. பைக்கு படுத்து எந்திரிச்சுப் போற வண்டி. மலையெறக்கத்துல மழ புடிச்சா இந்தக் கெட்டி டயரு எண்ணச் சட்டியில நடந்தாப்புலதான்."

அரைமணி நேரம் பேச்சு இழுத்தது. அதற்குள் டீ வந்தது. டயரின் விலாவில் இருக்கிற நாலு எண்ணைக் காட்டி, முதல் ரெண்டு எத்தனையாவது வாரம், கடைசி ரெண்டு எந்த வருசம், எப்போது செய்த டயர் என்று இதில் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பழைய சரக்கைத் தலையில் கட்டுவார்கள் என்று பாய் சொல்லிக்கொடுத்தார். அமலி குனிந்து படித்துப் பார்த்தாள். அவளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. தான் உட்கார்ந்து போகப்போகிற டயரைத் தானே தடவிப் பார்த்து வாங்குவது, கல்யாணத்துக்குச் சேலை எடுப்பதைவிட நன்றாக இருந்தது. ஒருவழியாகப் பீட்டர் இறங்கி வந்தான். மூன்றாவது டயரே இருக்கட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் அதே சாதி.

"முன்னாடிக்குக் கைவசம் இருக்கு" என்றார் பாய். "பின்னாடிக்கு இதுலயே ரெண்டு தினுசு வருது. பாரத்துக்குத் தக்கன. ஒத்த ஆளா, ரெண்டு ஆளா தம்பி?"

"ஒத்த ஆளுதான் பாய்."

டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொன்னான். யோசிக்கக்கூட இல்லை. அமலியின் கை இன்னும் டயரின் மேல் இருந்தது. எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த கறுப்பை முந்தானையில் துடைத்தாள்.

"அம்மா வரலையா?" என்றார் பாய்.

"அவ எங்கிட்டு வருவா? மாடு கெடக்கு, வயலு கெடக்கு."

பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். வியாபாரி, அதற்கு மேல் கேட்க மாட்டார். "அப்ப ஒத்த ஆளு டயரு மதுரையிலேருந்து வரணும். வந்ததும் போன் போடுறேன். ரெண்டையும் ஒண்ணா மாட்டிக்கலாம்" என்றார்.

*

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் உட்கார்ந்தார்கள். பீட்டர் முட்டை மாஸ் சொன்னான். கத்தாரில் இருந்தபோது கனவில் வந்த சாப்பாடு என்று எப்போதும் சொல்வான். வெங்காயமும் மிளகும் மணக்க வந்து இறங்கியது. அவன் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டான். அமலி ஒரு வாய் எடுத்தாள். இறங்கவில்லை.

"ஏங்க, நான் வரலன்னு ஒங்கள்ட்ட யாரு சொன்னா?"

"எங்க?"

"கோவாவுக்கு."

அவன் கை நின்றது. "நீயா? பைக்குலயா?" என்றான். கேலி இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஏன், பைக்குல சீட்டு ஒண்ணுதான் இருக்கா?"

"அதுக்கில்ல அமலி. தெனம் முந்நூறு, நானூறு கிலோமீட்டரு. ஒனக்கு இடுப்பு வலி. நடவுக்குப் போயிட்டு வந்தாலே ரெண்டு நாளு தைலம் தேய்க்கிற. பங்குக் கோயில்லேருந்து அடுத்த வருசம் பஸ்ஸு விடுறாங்களாம். ஒன்னய அதுல கூட்டிக்கிட்டுப் போறேன்."

"பங்கு பஸ்ஸுல போறதுக்கு மதினி போதும். புருசன் எதுக்கு?"

"மெதுவாப் பேசு. ஆளு பாக்குறாங்க."

"போன்ல சொன்னீங்கள்ல? பின்னாடி வச்சு ஊரெல்லாம் காட்டுறேன்னு?"

"போன்ல ஆயிரம் சொல்லுவோம்டி. அங்கிட்டு ஒத்தையில கெடந்தவன் வேற என்னத்தப் பேசுவான்?"

அவன் அதைச் சமாதானமாகத்தான் சொன்னான். அமலிக்கு அது வேறு மாதிரி விழுந்தது. அந்தப் பேச்சை நம்பி அவள் எத்தனை வருசத்தை ஓட்டியிருக்கிறாள்? மகனைத் தனியாளாக வளர்த்தாள், மாமனார் படுக்கையில் கிடந்தபோது பீத்துணி அலசினாள், ஆள் கிடைக்காத நாளில் தானே ராத்திரித் தண்ணீர் கட்டினாள். எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒரு பேச்சு இருந்தது. அது சும்மா பேச்சாம். இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். முகத்தில் கடுகு போட்டால் பொரியும்.

ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. சோறு வைத்தாள், காப்பி போட்டாள், வெந்நீர் எடுத்து வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. பீட்டர் அதை ஒரு குறையாகவே நினைக்காதவன்போல் நடந்துகொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுடிதார் தைத்து வந்தது. பையைப் பிரித்துப் பார்த்தது இன்னாசியம்மாள்தான்.

"மாதாவே! இத யாரு போட?"

அமலி சொன்னாள். கடையில் கேட்டது, அவன் சொன்னது, புரோட்டாக் கடையில் நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். இன்னாசியம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காத. எந்தம்பிக்கு ஆளு பக்கத்துல இருந்தா ஒடம்பு கூசுது. வந்த நாள்லேருந்து பாக்குறேன். வீட்டுக்குள்ள ஒக்காந்து காப்பி குடிக்க மாட்டேங்கிறான். மாட்டுக்கொட்டாயில நின்னுக்கிட்டுக் குடிக்கிறான். பத்தொன்பது வருசம் ஒத்தையில கெடந்த பய, என்ன செய்வான்?"

"அவரு ஒத்தையில கெடந்தாரு. நான் என்ன மதினி, திருவிழாக் கூட்டத்துலயா கெடந்தேன்?"

இன்னாசியம்மாள் தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து சுடிதாரை எடுத்து அவள் தோளில் வைத்துப் பார்த்தாள். "பச்ச நெறம் ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பீட்டர் வயலுக்கு உரம் வீசப் போயிருந்தான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அது அடித்தது. அமலி எடுத்தாள்.

"தம்பி இல்லையாம்மா? தாவூது பேசுறேன், டயர்க் கடை. ஒத்த ஆளு டயரு வந்திருச்சு. நாளைக்கு வரச் சொல்லுங்க, மாட்டிரலாம்."

அமலி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"பாய், ரெண்டு ஆளு டயரு கடையில இருக்கா?"

"அது இருக்கும்மா. அன்னைக்கே இருந்துச்சு."

"அதப் போடுங்க."

"தம்பிட்ட கேட்டுக்கிட்டீங்களா?"

"வண்டியில ஒக்காரப் போறது நானு. எங்கிட்டக் கேளுங்க."

"சரிம்மா. மதுரையிலேருந்து வந்தத என்ன செய்ய?"

"ஒத்த ஆளு எவனாச்சும் வருவான். அவனுக்குக் குடுங்க."

பாய் சிரித்தது போனில் நன்றாகக் கேட்டது. அமலி போனை மறுபடி சார்ஜில் போட்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

*

டயர் வந்துவிட்டது என்று மட்டும் அமலி சொன்னாள். மறுநாள் பீட்டர் கிளம்பும்போது அவள் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் மேலும் கீழும் பார்த்தான். "ஏறு" என்றான்.

கடையில் ரெண்டு சக்கரத்தையும் கழற்றிக் கிடத்தியிருந்தார்கள். பின் டயர் ரிம்மில் ஏறிக்கொண்டிருந்தது. பீட்டர் குனிந்து விலாவில் இருந்த பார எண்ணைப் படித்தான். தொழில் தெரிந்தவன், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பாய், நான் சொன்னது இது இல்லையே?"

"அம்மா சொன்னாங்க தம்பி."

பீட்டர் திரும்பி அமலியைப் பார்த்தான். அமலி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஆள் முன்னால் பெண்சாதியை அதட்டுகிற பழக்கம் பீட்டருக்கு இல்லை. "சரி, மாட்டுங்க" என்றான். அவ்வளவுதான். ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

எல்லாம் முடிந்ததும் பாய் காற்று அளந்து வைத்தார். "முன்னாடி இருவத்தஞ்சு. பின்னாடி ரெண்டு பேருக்கும் சேத்து முப்பத்திரெண்டு. அதுக்கு மேல ஒரு பொட்டு ஏத்தாதீங்க தம்பி. புது டயரு மெழுகு தடவுனாப்புல இருக்கும். மொத நூத்தம்பது, இருநூறு கிலோமீட்டருக்குச் சாய்க்காதீங்க, சுருக்குன்னு பிரேக்கு போடாதீங்க. பைய ஓட்டி மேல்தோலு உரியட்டும், அப்புறம் பாருங்க."

அதனால்தான் கீரனூர் மெயின் ரோட்டை விட்டுவிட்டு, அன்னவாசல், இலுப்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று பீட்டர் வண்டியைத் திருப்பினான். மெதுவாகப் போகத் தோதான ரோடு. ஊர் எல்லை தாண்டியதும் நிறுத்தினான். லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கிற கொட்டகை ஒன்று இருந்தது. இறங்கிப் பின் டயரைக் காலால் உதைத்தான்.

"பொதபொதன்னு இருக்கு" என்றான்.

"பாய் ஏத்தாதீங்கன்னாரே?"

"அவரு டயரு விக்கிற ஆளு. நான் டயரோட குடும்பம் நடத்துன ஆளு. பாரம் கூடுனா காத்துக் கூடணும். இதுகூடத் தெரியாமயா இம்புட்டு வருசம் ஓட்டுனேன்?"

பஞ்சர்க்காரன் காற்றுக் குழாயைச் சொருகினான். பீட்டர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து டயரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். லாரிக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். 'தொப்' என்று சத்தம் வந்தால் பத்தாது, 'டங்' என்று வர வேண்டும். 'டங்' என்று வந்ததும் திருப்தியாகத் தலையை ஆட்டினான். அன்றைக்கு அவன் முகத்தில் தெளிவு வந்தது அப்போதுதான். அமலி, தன் பேச்சு ஒன்று செல்லுபடியானது, அவர் பேச்சு ஒன்று செல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

வானம் மறுபடி மூடிக்கொண்டது. சித்தன்னவாசல் விலக்கு தாண்டும்போது தூற்றல் விழுந்தது. வண்டி குதித்துக் குதித்துப் போனது. அமலி அவன் தோளைப் பிடித்திருந்தாள். ரெண்டு பக்கமும் பச்சை வயல், தூரத்தில் பாறை, ஈர மண் வாசம். இந்த ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். அவன் தோள் விறைத்துக்கொண்டு கட்டை மாதிரி இருந்தது, சொல்லவில்லை.

ஒரு வளைவில் டிராக்டர் ஏதோ வயலிலிருந்து ஏறி ரோடெல்லாம் சேற்றைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. குறுக்கே ஒரு ஆடு ஓடியது. பீட்டர் பிரேக்கை மிதித்தான். பின் சக்கரம் தனக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் ஒரு பக்கமாகப் போனது. வேகம் இல்லாததால் வண்டி மெதுவாகத்தான் படுத்தது. அமலி ரோட்டோரப் புல்லில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பச்சைச் சுடிதார் இடுப்புவரை சேறு.

"அமலி! ஏய் அமலி!" பீட்டர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "எங்க அடி? இடுப்பா? கால நீட்டு பாப்போம். நீட்டு!"

"ஒண்ணும் இல்லங்க. முழங்கையில சிராய்ப்பு. இடுப்பெல்லாம் இருந்த எடத்துலதான் இருக்கு."

அவன் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அவன் கை வெடவெடவென்று நடுங்கியது. பிறகு அவள் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினான். தூற்றல் தலையில் விழுந்தது.

"இதுக்குத்தான்டி ஒத்த ஆளுன்னு சொன்னேன்" என்றான். "பின்னாடி எப்பவும் இரும்புதான் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவ முழு லோடோட கவுத்துட்டேன், ஒனக்குச் சொல்லல. என்ன ஆச்சு? கம்பெனி ஆளு வந்தான், போட்டோ எடுத்தான், கிரேனு வச்சுத் தூக்குனாங்க, மறுநாளு வேற லோடு. இரும்புக்கு என்ன? இப்ப நீ ஏறி ஒக்காந்ததுலேருந்து எனக்கு ரோடே தெரியல. புத்தி பூரா முதுகுலயே இருக்கு. இருக்காளா, விழுந்துட்டாளான்னு. இப்படி எப்படி நானு கோவா வரைக்கும் போவேன்?"

அவன் இவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசி அமலி கேட்டதில்லை. போனில்கூட இல்லை. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம், வரவில்லை. இத்தனை நாளும் இந்த மனுசனுக்கு நான் வேண்டாம் என்று அவள் நெஞ்சைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். வேண்டாதவளுக்காக யாருக்கும் கை இப்படி நடுங்காது. எழுந்து சுடிதாரை உதறினாள்.

"இத வீட்டுலயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிக்கத்தான் செய்வேன். சிரிச்சுட்டு வண்டியில ஏறியிருப்பேன். எந்திரிங்க. வண்டியத் தூக்குவோம்."

ரெண்டு பேருமாகச் சேர்ந்து தூக்கி ஓரமாகச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். ஒரு கண்ணாடி மட்டும் திரும்பியிருந்தது. பெரிய சேதம் இல்லை. அந்த வழியாக வந்த மினி பஸ் நின்று, "அடி கிடி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

"காத்தக் கொறைங்க" என்றாள் அமலி.

"சேறுதான் காரணம். காத்துனால இல்ல…"

"கொறைங்க."

பீட்டர் பின் சக்கரத்தின் முன் குந்தினான். "மீட்டரு இல்லையே. எம்புட்டு இருக்குன்னு எப்படிப் பாக்குறது?"

"அப்ப பாய் கடைக்கே திரும்பிப் போவோமா?"

"அவருட்டப் போயி என்னன்னு சொல்ல?" அவன் முகம் சுண்டிப்போனது. "அன்னவாசல் பெட்ரோல் பங்க்ல மீட்டரு இருக்கும். அது வரைக்கும் கொஞ்சம் கொறைச்சா போதும்."

அமலி ஒரு காலைத் தூக்கிப் போட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சுடிதாரில் அது சுலபமாக இருந்தது. ரெண்டு கையாலும் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க இப்ப. டயரு தரையில பதியுதா?"

அவன் கன்னம் ரோட்டில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். "பதியல. நுனிக் காலுல நிக்கிது" என்றான். சாவியின் நுனியால் வால்வை அமுக்கினான். காற்று உஸ்ஸென்று வெளியேறியது. நிறுத்தினான், பார்த்தான், மறுபடி அமுக்கினான். ரோட்டில் போன ஒரு ஸ்கூட்டர்க்காரர் ரோட்டோரத்தில் ஓடாத வண்டிமேல் சேற்றோடு உட்கார்ந்திருக்கிற பொம்பளையையும், அவளுக்குக் கீழே தலைகீழாகக் கிடக்கிற ஆம்பளையையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

"இப்ப கொஞ்சம் ஒக்காந்திருச்சு" என்றான் பீட்டர். "நீ எறங்கு. பாரம் இல்லாம எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"எறங்க மாட்டேன்" என்றாள் அமலி. "நான் இருக்கையில எப்படி இருக்கோ அதுதான் கணக்கு. அமுக்குங்க."

பீட்டர் அண்ணாந்து அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து வால்வைத் தேடினான்.